பிறம்ரனுக்கு எறிந்த பந்து

அது முதலில் காதுக்குக் கேட்காது, முழங்காலுக்குத்தான் கேட்கும். குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டுச் சுவிட்சைத் தட்டியதும் தகரப் பலகையின் நடுக்கம் தரைவழியே முழங்காலில் ஏறி, பல்லைக் கூசவைத்து, அதன் பிறகுதான் "ஙொய்ய்ய்" என்ற இரைச்சலாகக் காதை வந்தடையும். அம்மா அதற்கு "வண்டுப் பெட்டி" என்று பெயர் வைத்திருந்தார். "உந்த வண்டுப் பெட்டியை நிப்பாட்டுங்கோடா, ஊரில இருந்து போன் கோல் வந்தாலும் கேக்காது" என்று அவர் சத்தம் போடாத சனிக்கிழமை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில், ஊரை விட்டு வந்து குளிர்நாட்டில் நாங்கள் குடியேறிய மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரர் ஒருவர் பழைய சாமான்களைப் புல்லில் பரப்பி விற்றபோது அப்பா வாங்கி வந்த ஃபுட்போல் விளையாட்டுப் பெட்டி அது. பச்சை மை பூசிய தகரத்தில் வெள்ளைக் கோடுகள், சுண்டுவிரல் உயரத்தில் இருபத்திரண்டு பிளாஸ்ரிக் ஆட்கள், அவர்களுடைய காலடியில் தூரிகை மயிர்போல நுண்ணிய முட்கள். மின்சாரம் ஓடித் தகரம் நடுங்கினால் இருபத்திரண்டு பேரும் தாமாகவே நகரத் தொடங்குவார்கள். சிலர் நேராகப் போவார்கள், சிலர் உரு வந்தவர்களைப்போல நின்ற இடத்திலேயே சுழல்வார்கள், பந்தைக் கையில் வைத்திருப்பவன் சிலவேளை மனம்மாறித் தன் பக்கத்துக்கே திரும்பி ஓடுவான். "கையில வைச்சுக்கொண்டு ஓடுறதுக்கு என்னத்துக்கடா ஃபுட்போல் எண்டு பேர்?" என்று கேட்டுவிட்டு அப்பா தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பெட்டியில் இரண்டு குறைகள் இருந்தன. விளையாட்டு விதிகள் அச்சடித்த தாள் இல்லை. மூடியின் படத்தில் கம்பீரமாக நின்ற, சுருள்கம்பிக் கையால் பஞ்சுப் பந்தை உண்மையாகவே வீசி எறியும் அந்தப் பெரிய பொம்மையும் இல்லை. ஆட்கள் ஓடுவார்கள், முட்டுவார்கள், ஆனால் பந்தை ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு எறிய வழியில்லை. எறிதல் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் வெறும் நெரிசல்தான் என்பது ஒரு வாரத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

எங்களுக்கு என்று சொல்வது என்னையும் சசியையும். சசிதரன் எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்தான். மட்டக்களப்பிலிருந்து வந்த குடும்பம், நாங்கள் யாழ்ப்பாணம். அவன் "இரிக்கு" என்றால் நான் சிரிப்பேன், நான் "கிடக்கு" என்றால் அவன் திருப்பிச் சிரிப்பான். இருவருக்கும் பதினொரு வயது. இருவருமே அந்த ஆட்டத்தை நிசமான மைதானத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதால் விதி செய்வதில் எங்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவன் சசி. அம்மா வீட்டில் மெஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த காலம் அது, எங்கே பார்த்தாலும் நூல் கிடக்கும். அதில் ஒரு துண்டை எடுத்து அவன் எறிபவனின் தலையிலிருந்து பிடிப்பவனின் தலைவரை இழுத்துப் பிடித்தான். "நூல் போற வழியில உன்ர ஆள் ஒருத்தனும் தொடாட்டி நான் பிடிச்சிட்டன். தொட்டா பந்து உனக்கு" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கே கொப்பித் தாளில் எழுதி, அதற்கு "நூல் சட்டம்" என்று தலைப்பும் போட்டோம். யாருக்கு எறியப்போகிறோம் என்பதைச் சுவிட்சைத் தட்டுமுன் சொல்லிவிட வேண்டும். எறிபவன் "நில்" என்றதும் மற்றவன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நூலின் நீளம் இரண்டு சாண், அதைவிடத் தூரத்துக்கு எறிய முடியாது. யாருடைய சாண் என்று இரண்டு நாள் சண்டை பிடித்துக் கடைசியில் அம்மாவின் கையைக் கடன் வாங்கினோம். பாவம், அவர் ஒரு சட்டையைத் தைத்துக்கொண்டே இடது கையை நீட்டி விட்டார்.

அந்தத் தாளில் இருந்தவற்றில் எனக்கு இன்றைக்கும் பெருமையான விதி ஒன்று உண்டு. நூலின் ஒரு முனையை எறிபவன் பிடிக்க வேண்டும், மறுமுனையை எதிராளி பிடிக்க வேண்டும். நான் எறியும் பந்து போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதற்குச் சசியின் விரல் தேவை. அவன் கொஞ்சம் தளர்த்தினால் நூல் தொய்ந்து பக்கத்தில் நிற்பவனைத் தொட்டுவிடும். ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க விளையாடியும் நாங்கள் ஒருவரும் தளர்த்தியதில்லை. சாணுக்கு இரண்டு நாள் சண்டை பிடித்த நாங்கள் நூலுக்கு ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை.

அடுத்த கோடையில் சசியின் அப்பாவுக்கு நகரத்துக்கு மறுபக்கம் இருந்த பிறம்ரனில் பண்டகசாலை வேலை கிடைத்தது. வேனில் கட்டில் ஏற்றும்போது சசி என்னைப் பார்க்கவேயில்லை, கட்டில் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது காரில் அரைமணி நேரத்துச் சொச்சத்தில் போகும் இடம்தான். கார் இல்லாத எங்கள் வீட்டுக்கு அது வேறு நாடு.

போனில் விளையாடலாம் என்று சொன்னவனும் அவன்தான். பலகை என்னிடம் இருந்தது. அவன் ஒரு காட்போட் மட்டையில் அதே அளவுக்குக் கோடுகள் கீறி, கறுப்பும் வெள்ளையுமாக இருபத்திரண்டு பொத்தான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டான். சனிக்கிழமை காலையில் குசினிச் சுவர்ப் போனின் சுருள் வயரைத் தரைவரை இழுத்து, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, அவன் சொல்லும் இடங்களில் அவனுடைய ஆட்களை நான் நிறுத்துவேன். சுவிட்சைத் தட்டினால் இரைச்சல் போன் வழியாக அவனுக்குக் கேட்கும். "நில்" என்பான். அம்மாவின் அளவு நாடாவால் அளந்து ஒவ்வொருவன் நிற்கும் இடத்தையும் நான் வாசிக்க, அவன் பொத்தான்களை நகர்த்துவான். அதன் பிறகு நூல். ஆனால் மறுமுனையைப் பிடிக்க அவனுடைய விரல் அங்கே இல்லை. நான் அதை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, தொட்டதா இல்லையா என்று வாயால் சொன்னேன். பந்து இப்போது என் சொல்லில்தான் பறந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் போன் எதற்கு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஊரிலிருந்து அழைப்பு வரும். அம்மா கத்திக் கதைப்பார்: "ஓம், எல்லாரும் சுகம்! இவருக்கு நல்ல வேலை! குளிர் ஒண்டும் பெரிசா இல்லை!" அப்பா அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக் கை வெடித்துப்போய்ப் பக்கத்திலேயே நிற்பார். அந்தப் பக்கமும் "நாங்களும் சுகம்" என்று சொல்லும். சண்டை நடக்கும் அங்கே என்ன சுகம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு முறை ஏன் என்று கேட்டதற்கு அம்மா சொன்னார்: "தூரத்தில இருக்கிற ஆக்களுக்கு நல்லதை மட்டும் சொல்லோணும். கெட்டது தானாப் போய்ச் சேரும்."

நான் அந்த வளர்ப்பில் வளர்ந்தவன். புதுப் பள்ளிக்கூடத்தில் சசியோடு ஒருவரும் சேரவில்லை. "சாப்பாட்டு நேரத்தில என்ன செய்யிறாய்?" என்று கேட்டால் "சாப்பிடுறன்" என்பான். தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றான், ஒவ்வொரு சனியும் குரல் சிறுத்துக்கொண்டே போனது. ஐந்தாவது சனி அவன் எறிந்த பந்தின் நூல் என்னுடைய ஆளின் தோளில் நன்றாகப் படிந்து கிடந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தொடேல்லை. பிடிச்சிட்டாய்!" என்றேன்.

அவன் போட்ட கூச்சலில் என் காது அடைத்தது. பின்னால் அவனுடைய அம்மா ரிசீவரை வாங்கி, "மனே, நீ கதைச்சாத்தான் இவன் சிரிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? அநேகமாக வாரம் ஒரு பொய். புண்ணியம் செய்கிறேன் என்று முழு மனத்தோடு நம்பினேன். தோற்றும்கூட நான் அவ்வளவு சந்தோசமாக இருந்தது அந்த மாதங்களில்தான்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எங்கள் கட்டடத்தில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். சசி குடும்பம் வந்திருந்தது. அவன் கேக் சாப்பிடவில்லை. ஜக்கெற்றுக்குள் மடித்து வைத்திருந்த மட்டையை எடுத்து எங்கள் அறைக் கட்டிலில் விரித்தான். கோடுகளுக்கு நடுவே சிவப்புப் பென்சிலால் பிழைக்குப் போடும் புள்ளடிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதி. நான் வாசித்த அளவுகளின்படி பொத்தான்களை வைத்து அவனும் தன் வீட்டில் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறான். அளவைச் சரியாகச் சொல்லிவிட்டு முடிவை மட்டும் பொய்யாகச் சொன்ன என்னைப்போல ஒரு கெட்டிக்காரன் இந்த உலகத்தில் வேறு யார்?

"நீ பிழையாப் பாத்திருப்பாய் எண்டு நினைச்சன்," என்றான் சசி. "ஒரு தரம் பிழை வரும். பதினொரு தரம், பதினொண்டும் எனக்கு நல்லதாப் பிழை வருமாடா?"

"நீ அங்க தனிய இருக்கிறாய் எண்டுதான்…"

"அதைத்தான் அம்மாவும் சொன்னாங்க."

அவனுடைய அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. அவன் கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஊரில் அவனுக்கு ஜிம்மி என்று ஒரு நாய். சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். ஊர் அழைப்பு வரும்போதெல்லாம் அவன் கேட்பான், "ஜிம்மி சுகமாம், சோறு திண்டிச்சாம்" என்று அம்மா திருப்பிச் சொல்வார். கிறிஸ்மஸ் லீவில் புதிதாக வந்திறங்கிய ஒரு மச்சான் உண்மையைச் சொல்லிவிட்டான். இவர்கள் புறப்பட்ட அன்றைக்கே ஜிம்மி வேனுக்குப் பின்னால் ஓடிப்போயிருக்கிறது, திரும்பி வரவேயில்லை. மூன்று வருடமாக அந்த நாய் போனில் மட்டும்தான் சோறு தின்றுகொண்டிருந்தது.

"போனில எல்லாரும் எனக்குப் பொய்தான் சொல்றீங்க," என்றான். "நீ மட்டும் சொல்லமாட்டாய் எண்டு நினைச்சன்."

அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். அவன் மட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டான். ஏமாற்றித் தோற்கடித்திருந்தால்கூட அவன் என்னை ஒரு குத்து விட்டுச் சமாதானமாகியிருப்பான். இரக்கப்பட்டு வெல்ல வைத்ததற்கு என்ன மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று சனிக்கிழமை போன் சும்மா சுவரில் தொங்கியது. "என்ன, வண்டுப் பெட்டி செத்துப்போச்சோ?" என்று அம்மாவே கேட்டார்.

நாலாவது சனி நானே அவனுக்குப் போன் எடுத்தேன். அவனே லைனுக்கு வந்தான். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் பேசவில்லை. "தாளை எடு, புது விதி ஒண்டு இரிக்கு" என்றான். எடுத்தேன். "கெட்டதை முதல்ல சொல்லணும். எழுது." எழுதினேன். பிறகு ஆட்களை நிறுத்தினோம்.

அன்றைக்கு ஆட்டம் சமமாகப் போய்க் கடைசி எறிதலில் வந்து நின்றது. சசியின் ஏழாம் இலக்கம் என் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது, பிடித்தால் வெற்றி அவனுக்கு. நூலை இழுத்தேன். என்னுடைய ஆள் ஒருவனின் நீட்டிய கை, அந்தக் கையின் நுனி, நூலில் பட்டும் படாமலும். முகத்தைத் தகரத்தோடு வைத்துப் பார்த்தேன். பட்டுத்தான் இருந்தது. அந்தப் பக்கம் மூச்சுக் கேட்டது.

"தொட்டிட்டுது," என்றேன்.

மட்டையில் அவன் ஒரு பொத்தானை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. உன்ர பந்து" என்றான். அந்தக் குரலில் பழைய சசி இருந்தான். தோற்றுவிட்டு அவன் சிரித்தது எனக்கு இங்கே கேட்டது.

அதற்கு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, நான் வேலைக்காக, விமானத்தில் ஐந்து மணி நேரம் தள்ளியிருந்த வன்கூவரில் இருந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தங்கச்சி போனில், "சும்மா செக்கப்தான் அண்ணா, அந்தரப்படாதேங்கோ" என்றாள். அப்பா, "ஒண்டுமில்லை, லீவெல்லாம் போடாத" என்றார். நான் நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. அம்மா வீட்டுக்குக் கிட்ட விட்பியில் குடியிருந்த சசி வேலை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறான். அன்று பின்னேரம் அவனுடைய அழைப்பு வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

"தொட்டிட்டுதடா. இண்டைக்கே வெளிக்கிடு."

வெளிக்கிட்டேன். அம்மா கண் திறந்து என்னைப் பார்த்ததும் முதலில் கோபப்பட்டார். "ஆர் உனக்குச் சொன்னது? ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டெல்லோ சொன்னனான்." சசி என்றேன். "உவன் அந்த வண்டுப் பெட்டிக் காலத்திலயே அப்பிடித்தானே," என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சாண் அளந்து தந்த அதே கை. அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தார். அந்த ஒன்பது நாளும் சசி எனக்குத் தந்தவை.

பலகை எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை, விதி எழுதிய தாளும் அதோடு போயிருக்கும். சுருள் வயர் போட்ட சுவர்ப் போன் இப்போது ஒரு வீட்டிலும் இல்லை, போனில் முகமே தெரிகிறது. முகத்தை வைத்துக்கொண்டே எல்லோரும் இன்னும் சுகம் என்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் சசி எடுத்து, "எப்பிடி இரிக்கிறாய்?" என்று கேட்டால், நான் சுகம் என்று சொல்வதில்லை. அவன் அந்தப் பக்கம் காத்திருப்பான். நான் முதலில் கெட்டதைச் சொல்வேன்.