கேதீஸ் மாஸ்டரும் இடம் மாறிய இரண்டு சொற்களும்

என் மனுசன் கேதீஸ்வரன் நல்லூரில் இருபத்துநாலு வருடமாக இங்கிலீஷ் ரியூசன் எடுக்கிறவர். கோபமே வராது. அவருடைய பங்கையும் சேர்த்து ஆண்டவன் எனக்குத் தந்துவிட்டான்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முதல்நாள் காலையில், அவரிடம் படிக்கும் தக்சாயினி வீட்டு லேண்ட்லைனிலிருந்து போன் பண்ணினாள். கடைசியாகக் கொடுத்த கையேட்டில் ‘ஸே’யும் ‘டெல்’லும் மாறிக் கிடக்கிறதாம். தமிழில் இரண்டுக்கும் ‘சொல்’ போதும். இங்கிலீஷில் அப்படியில்லை. ‘டெல்’ என்றால், யாருக்குச் சொன்னதோ அந்த ஆள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்: ‘டெல் மீ’. ‘ஸே’க்குச் சொன்ன விஷயம் போதும், ஆளையும் சேர்ப்பதென்றால் நடுவில் ‘டு’ வேண்டும். கையேட்டிலோ ‘ஸே மீ’தான் சரியென்று தடித்த எழுத்தில் கிடந்தது.

அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“அப்பாவுக்கும் இந்த வயசிலைதான் மறதி துவங்கினது,” என்றார்.

அதை டைப் பண்ணினது நான். அவர் எழுதித் தந்தது சரி. டிவி நாடகம் பார்த்துக்கொண்டு அடித்ததில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வெட்கமோ பயமோ, என்ன சனியனோ.

எங்கள் ரியூசன் பிள்ளைகள் கையேட்டை எழுத்துக்கு எழுத்துப் பாடமாக்குகிறவர்கள். வட்ஸ்அப்பில் திருத்தம் போடலாமென்றால், பரீட்சை வந்ததும் தாய்மார் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடைசியில் அவர், செத்தவீட்டு அறிவித்தல் சொல்லித் திரியும் ஒலிபெருக்கி ஓட்டோவைப் பிடித்தார். நானும் ஏறினேன்.

மருதனார்மடச் சந்தியில் நிறுத்தினோம். சந்தை நிறையச் சனம்.

“பிள்ளையள், கையேட்டிலை மாஸ்டர் பிழை விட்டிட்டன். ‘டெல் மீ’தான் சரி. என்ரை பிழை...” என்று மைக்கில் அறிவித்தார்.

மரக்கறி விற்கும் முத்துக்குமாரு, “மாஸ்டருக்கு மூளை தட்டீட்டுது போலை,” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைப் பறித்தேன்.

“என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு? மாஸ்டர் எழுதினது சரி. நாடகம் பாத்துக்கொண்டு பிழையா அடிச்சது நான், அவரின்ரை மனுசி. அவரின்ரை மூளைக்கு ஒண்டுமில்லை.”

இனி ஆறுதலாக மூச்சு விடுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் மைக்கை வாங்கி நிறுத்தினார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“இவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொல்லுறீர். காலமை துவக்கம் பக்கத்திலை இருந்தும் என்னட்டைச் சொல்லேல்லையே, உதயா. எனக்கும் அப்பான்ரை மறதி வருத்தம் வந்திட்டுதெண்டு நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமே?”

நான் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன்.

“நீர்வேலிக்கும் போகோணும், எடுங்கோ அண்ணை,” என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.