உறவுக்காரப் பெண்

அல்சூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலக் குடும்ப நாவல்கள்தான் என் பாடம். நல்ல வரனுக்குக் காத்திருக்கும் பெண்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் பெண்கள், சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் ஏழைப் பெண்கள். இந்தக் கடைசிப் பெண்ணைப் பற்றித்தான் அதிக நேரம் நடத்துவேன். அவளை யாரும் வேலைக்காரி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் குழந்தை அழுதால் அவள்தான் எழுந்துபோக வேண்டும். விருந்தாளி வந்தால் உள்ளே போய்விட வேண்டும்.

என் மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். தங்கவயலிலிருந்து என் சித்தி மகள் ஆஸ்டின் டவுனிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். பி.யு.சி. முடித்து நர்சிங் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள். "சீட்டு கெடைக்கிற வரைக்கும் பாப்பாவ நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள். அவள் போன் அடிக்கடி மக்கர் செய்ததால் விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இருந்தபோது நர்சிங் பள்ளியிலிருந்து போன் வந்தது. அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும் என்றார்கள். "சரி, சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை. செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆளுக்கு எங்கே போவேன்? சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, என் மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வியாழனும் போய்விட்டது.

சனிக்கிழமை, குழந்தைக்கு ராகிக்கூழ் ஆற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "எதனா போன் வந்துச்சாக்கா?"

"இல்லம்மா. வந்தா சொல்ல மாட்டேனா?"

அடுத்த வாரம் வகுப்பில் அந்த ஏழை உறவுக்காரப் பெண் வரும் பகுதியை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்தாள். "மேம், அந்தப் பொண்ண வீட்ல வெச்சிருக்காங்களே, அந்த அம்மா கெட்டவங்களா?" "தன்னை நல்லவள்னு நம்பறவ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

அன்று மதியம் பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தையை விட்டுவிட்டு, சித்தி மகள் தானே பஸ் பிடித்து அந்த நர்சிங் பள்ளிக்குப் போயிருக்கிறாள். போன் செய்ததையும், ஒரு பெண் எடுத்துச் சரி என்று சொன்னதையும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கம்மாவ இங்க வரச் சொல்லியிருப்பேனே. பாப்பாவ அப்பிடியே உட்டுட்டு ஓடிடுவேன்னா நெனச்ச?"

சித்தியை வரவழைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறந்துவிட்டேன் என்றேன். அவள் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தப் பொய்யையும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ரயிலில் ஊருக்குப் போனாள். என் கணவரிடம், "அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சாம்" என்றேன். சித்தியிடம் அவளும் எதையும் சொல்லவில்லை; அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஒரு வருடத்தை இழந்து, அடுத்த ஆண்டு வேறொரு இடத்தில் சேர்ந்தாள். இப்போது நர்சாக இருக்கிறாள். வெள்ளைச் சீருடையில் எடுத்த முதல் போட்டோவை என் கணவரின் போனுக்கு அனுப்பினாள். எனக்கு அனுப்பவில்லை. "உன் தங்கச்சிக்கு வாழ்த்து சொன்னியா?" என்று அவர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. அந்த நாவல்களை இன்றும் நடத்துகிறேன். உறவுக்காரப் பெண் வரும் பகுதியை மட்டும் மாணவிகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.