நோன்பு திறந்தபின் போடவிருந்த சண்டை

தொண்ணூறுகளின் கடைசியில், தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதி, யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தேன். அழிக்கும் விசையை அழுத்தினால் 'கா' முழுதாக அழியவேண்டும் என்றார் கனடாவிலிருந்த, முகம் தெரியாத யாழ்ப்பாணத்தார் ஒருவர். துணைக்கால் மட்டும் அழிந்து 'க' நின்றால் போதும் என்றேன் நான். வார்த்தை தடித்தது. "உமக்கு விளங்காது" என்று அவர் எழுதியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்முனையில், தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த நண்பனின் கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து ஏசித் தட்டினேன்.

"நோன்போட ஏசாத மச்சான். 'நான் நோன்பு' எண்டு மட்டும் போடு," என்றான் நண்பன். சண்டைக்கு வருபவரிடம் நோன்பாளி சொல்லவேண்டியது அதுதானே. அனுப்பினேன். ஏச்சை மாலை மஃரிபு தொழுகைக்குப் பிறகு அனுப்ப வைத்திருந்தேன்.

நோன்பு திறந்த கையோடு ஓடிவந்தேன். அவர் பதில் காத்திருந்தது: "அப்ப நீர் சாப்பிடும்வரைக்கும் நானும் சாப்பிடமாட்டன். சண்டை சமமா இருக்கோணும்."

துணைக்கால் மட்டும் அழிந்தால் போதும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அன்று ஏச்சை முழுதாக அழித்துவிட்டு அவசரமாக எழுதினேன்: "நான் திறந்துட்டன். முதல்ல நீங்க சாப்பிடுங்க."