பத்தொன்பது காலிக் கட்டங்கள்

ஒப்பந்தத்தின் மூன்றாம் இணைப்பில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "தொழில்நுட்ப மேற்பார்வை அலுவலர். நிகழ்தகவு மாதிரிகளில் ஆழ்ந்த புலமையும், இடர் மதிப்பீட்டில் நீண்ட அனுபவமும், எந்நிலையிலும் பதறாத மனத்திண்மையும் உடையவர்."

அவள் படித்தது வணிகவியல். பதினேழு ஆண்டுகள் அரசு அலுவலகங்களுக்கு நாற்காலி, மேசை, இரும்பு அலமாரி வாங்கும் பிரிவில் குப்பை கொட்டியவள். மனத்திண்மை விஷயம் இன்னும் மோசம். வாரத்தில் இரண்டு நாளாவது பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கி, வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போவாள். பூட்டித்தான் இருக்கும். அதனால் அவளுக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் வந்திருக்கும். எதையும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவள் சொல்வதால் அலுவலகத்தில் அவளுக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதையும் அவள் இரண்டு தடவை விசாரித்திருக்கிறாள்.

விமானப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓர் இடம் காலியானபோது பணிமூப்புப் பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. அரசாங்கம் புலமையைக் கண்டுபிடிக்கும் வழி அது.

அவள் மேற்பார்த்த வேலை கேட்பதற்கு எளிது. ஆறு சிறிய விமான நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் மணிக்கு ஒரு கட்டம் போட்ட படிவம் உண்டு. அந்த மணி நேரத்தில் ஓடுபாதையில் விமானங்கள் ஒன்றையொன்று எத்தனை முறை ஆபத்தாக நெருங்கின என்று பணியில் இருப்பவர் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டுப் படிவங்களை வைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் ஒரு கணக்கு மாதிரியை உருவாக்கும் ஒப்பந்தம் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் போயிருந்தது. நிறுவனம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு முடிவைக் கொடுத்தது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, விமானங்கள் வரிசை கட்டி நிற்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்து மிகமிகக் குறைவு. ஆகவே அந்த நேரத்தில் கோபுரத்தில் இரண்டாவது ஆள் வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஏற்புச் சான்றில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆறு கோபுரங்களிலும் மாலை நேரத்தில் ஒற்றை ஆள்தான்.

சமன்பாடுகள் அவளுக்குப் பிடிபடவில்லை. முடிவு மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது. கூட்டம் நெரியும் கடையில்தான் திருட்டு குறைவு என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. வீட்டில் நடந்துகொண்டே இருந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கும் கணவர், பிரேக் இல்லாத மாணவர்களைப் பார்த்துப் பழகியவர், காலைத் தூக்கி வழி விட்டுக்கொண்டே செய்தித்தாள் படித்தார். "உனக்குச் சந்தேகம் வராத நாளா பார்த்துக் காலண்டர்ல வட்டம் போடணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தான். அந்த ஆறு கோபுரங்களில் ஒன்றில் அவன் கட்டுப்பாட்டாளன். பெரிய விமான நிலையத்துக்கு மாற்றல் உத்தரவு வரும் என்று காத்திருந்தான். மாலை நேரத்துக் கட்டங்களில் ஏன் ஒன்றுமே இல்லை என்று, உப்பு எங்கே என்று கேட்பது போலக் கேட்டாள். அவன் தொட்டிக்கு அடியிலிருந்து சிரித்தான்.

"அந்த நேரத்துல எவன்க்கா ஃபாரம் எழுதுவான்? ரெண்டு பேர் இருந்தே மூச்சு விட முடியாது. அப்புறம் எழுதிக்கலாம்னு வைப்போம். அப்புறம்னு ஒண்ணு வரவே வராது."

குழாய் சரியாகிவிட்டது. அவள் மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் மடிக்கணினியோடு வந்தார். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தக் கட்டத்துல பூஜ்யம் இருக்கே. அவங்க எழுதுன பூஜ்யமா, நீங்க போட்ட பூஜ்யமா?"

ஆய்வாளர் திரையை மேலும் கீழும் தள்ளினார். "காலியா இருந்துச்சு மேடம். காலின்னா ஒண்ணும் நடக்கலன்னு எடுத்துக்கிட்டோம்."

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அந்த ஒரு 'எடுத்துக்கிட்டோம்' மேல்தான் நின்றது. அவள் இயக்குநரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமையை நினைத்து நாள்களை எண்ணிக்கொண்டிருந்தவர். காலிக் கட்டத்துக்குள் என்னம்மா இருக்கப்போகிறது என்று கேட்டார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "சந்தேகத்துக்கெல்லாம் ஃபைல் நம்பர் போட முடியாதும்மா. எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டாங்க" என்றார்.

எழுத்தில் இருந்தது, ஆனால் வேறு மாடியில். ஓடுபாதையில் நெருக்கடி நேர்ந்தால் விமானிகளும் தனியே அறிக்கை அனுப்புவார்கள். அது இன்னொரு பிரிவின் பதிவறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஒரே கட்டடத்தில் பதினொரு படி இடைவெளியில் இருந்த இரண்டு காகிதங்களும் மூன்று ஆண்டுகளாகச் சந்தித்துக்கொண்டதே இல்லை. சந்திக்க வைக்கும்படி ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை.

மூன்று நாள் அங்கேயே கிடந்தாள். உட்காருவாள், எழுவாள், முடித்த கட்டை மறுபடி பிரிப்பாள். நீங்கள் வந்ததிலிருந்து நாற்காலிக்கே படபடப்பு வந்துவிட்டது என்று பதிவறைக்காரர் குறைபட்டுக்கொண்டார். வியாழன் மதியம் கணக்கு முடிந்தது. விமானிகள் ஆபத்து என்று எழுதிய அதே தேதியில், அதே மணியில், கோபுரத்தின் கட்டம் காலியாக இருந்த இடங்கள் பத்தொன்பது. பத்தொன்பதும் மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில்.

படிவத்தில் எண் இல்லாவிட்டாலும் பணியில் இருந்தவரின் கையெழுத்து இருந்தது. பதினொன்றாவதிலும் பதினாறாவதிலும் இருந்தது சுருள்கம்பியை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கையெழுத்து. பள்ளி மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் போட்டுத் தம்பி பழகிக்கொண்டது அது. நெருக்கடியை எழுதாமல் விட்டவர் கோபுரத்தில் உட்காரும் உரிமையை ஆறு மாதம் இழப்பார், இது விதி. மாற்றல் உத்தரவைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மாடிப்படியில் நின்று அவனுக்குத் தொலைபேசினாள். இரண்டு தேதிகளையும் சொன்னாள். மொத்தம் எத்தனை என்று அவன் கேட்டான்; பத்தொன்பது என்றாள்.

"பதினேழு போதாதாக்கா?"

"போதும்டா. தாராளமா போதும்."

"அப்புறம் என்ன?"

"அந்த ரெண்டு கட்டமும் மறுபடி காலியா கிடக்கும்."

"நீ பூட்டைத்தான் ரெண்டு தடவை பார்ப்பேன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தாள் என்று அத்தை வீட்டில் ஒரு பேச்சு. ஒரு நிறுவனத்தையே தனியாளாகக் கவிழ்த்தாள் என்று கணவரின் பயிற்சிப் பள்ளியில் ஒரு பேச்சு. இரண்டுமே மிகை. ஆய்வு நிறுவனம் விமானிகளின் அறிக்கைகளையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டது. ஆறு கோபுரங்களிலும் இரண்டாவது நாற்காலி அப்படியே இருக்கிறது. தம்பி ஆறு மாதம் கீழ்த்தளத்தில் கோப்பு பார்த்தான். அதில் நான்கு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போடாமல் மாதிரியைத் திருப்பி அனுப்பினாள். பத்தொன்பது தேதிகளையும், நேரத்தையும் பணியில் இருந்தவரையும் குறிப்பிட்டு, ஓர் அட்டவணையாக அதனுடன் இணைத்தாள். பதினொன்றாவதிலும் பதினாறாவதிலும் இருப்பவர் தன் உடன்பிறந்த தம்பி என்று அட்டவணையின் கீழே எழுதினாள்.