விரிப்பின் மறுமுனை

இது நடந்தது. ஆனால் இதில் நடுராத்திரி கிடையாது, நாய் ஊளையிடவில்லை. எல்லாம் பட்டப்பகலில், அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடந்தது. திருவனந்தபுரத்தில் கமலேஸ்வரம் பக்கம் அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. வாசலில் வாடகைக்குப் போர்டு தொங்குகிறது. லிபி அந்தத் தெரு வழியாகப் போகவே மாட்டாள். எவ்வளவு சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்பாள்.

லிபிக்கு எல்லையோரத்தில் பாறசாலைப் பக்கம் ஊர். கணவன் வினீத், சாலைக் கடைவீதியில் சரக்கு ஆட்டோ ஓட்டியவன். இரும்புக் குழாய் இறக்கும்போது கட்டு அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அந்த வீட்டை எடுத்தார்கள். வீட்டுக்கார மாமி அனந்தலக்ஷ்மி கரமனை அக்ரஹாரத்தில் இருப்பவர். வீட்டோடு ஒரு வாஷிங் மெஷினையும் கொடுத்தார். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின்.

"முன்னே இருந்தவா விட்டுட்டுப் போனது. நன்னா ஓடும், வெச்சுக்கோ" என்றார் மாமி.

ஆடியில் கர்க்கடக மழை பிடித்தபோது வினீத்துக்குப் படுக்கைப் புண் வந்தது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் சிஸ்டர் புண்ணைப் பார்த்துவிட்டு லிபியைத் தனியே அழைத்தாள்.

"ஈரம் படவே கூடாது. எப்பவும் காய்ஞ்ச விரிப்புதான் வேணும். புண்ணு எலும்பு வரை போச்சுன்னா ஆளைக் காப்பாத்த முடியாது கேட்டோ."

வினீத்துக்கு மூத்திரம் போவது தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனையோ விரிப்பு நனையும். வெளியே வெயில் என்பதே இல்லை. மெஷின் நன்றாகப் பிழிந்து கொடுத்தால், ஃபேன் காற்றில் காய வைத்துவிடலாம். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். அந்த மெஷின்தான் பிழிய மறுத்தது.

துவைக்கும். அலசும். தண்ணீரும் வெளியே போய்விடும். பிறகு பிழிவதற்காக டிரம் மெல்ல அசையும். வலம்... இடம்... வலம்... நின்றுவிடும். பீப். பீப். பீப். கண்ணாடிக்குள்ளே விரிப்பு தொப்பலாகக் கிடக்கும்.

லிபி ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையைத் தன் கையாலேயே முறுக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். சொட்டுவது நிற்கவில்லை. சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

"லிபி..." உள்ளேயிருந்து வினீத்தின் குரல். "தொட்டுப் பார்த்தேன், நனைஞ்சு போச்சு."

"இப்ப வாறேன்."

மாற்றுவதற்குக் காய்ந்த விரிப்பு ஒன்றுகூட இல்லை. தன் புடவையை மடித்து அவனுக்கு அடியில் போட்டாள். பிறகு குளியலறையில் மெஷின் முன்னால் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

சுஜித் மறுநாள் காலையில் மழைக்கோட்டோடு வந்தான். அமைதியான ஆள். முதலில் கீழே இருந்த ஃபில்டரைத் திருகி எடுத்தான். ஒரு பட்டனும் கொஞ்சம் நூலும் வந்தன. "தண்ணி போகலைன்னா பிழியாது. இங்க தண்ணி நல்லா போகுது. பம்ப் ஓகே." ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தான். நாலு காலும் சரியாக நின்றன. கதவைத் திறந்து டிரம்மைக் கையால் அழுத்திவிட்டான். ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. "ஷாக் அப்சார்பரும் நல்லாத்தான் இருக்கு." டிரம்மைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். பேரிங்கில் உரசல் இல்லை.

வெறும் டிரம்மை ஓடவிட்டான். ஹூம்ம்ம் என்று முழு வேகத்தில் சுற்றியது. ஆட்டமே இல்லை.

"மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை சேச்சி. ஒரே ஒரு பெரிய விரிப்பு போட்டா ஒரு பக்கமா உருண்டு நிக்கும். பிழியறதுக்கு முன்னாடி மெஷின் துணியைப் பரத்திப் பார்க்கும். ஒரு பக்கம் பாரம் கூடுதல்னா சுத்தாது. கூட ரெண்டு துண்டு போட்டா சரியாயிடும்."

லிபிக்கு உயிர் வந்தது. நனைந்த விரிப்பையும் இரண்டு துண்டையும் கொண்டுவந்து போட்டாள். சுஜித் கதவைச் சாத்தப் போனவன், நின்றான். குனிந்து உள்ளே பார்த்தான்.

"சேச்சி, உள்ளே வேற என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் இல்லியே. நீங்க பார்த்தீங்கல்ல."

டிரம் கீழே இறங்கியிருந்தது. கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர், மேல்பக்கம் விண்ணென்று இழுபட்டிருந்தது. ஒரு விரிப்புக்கும் இரண்டு துண்டுக்கும் டிரம் அவ்வளவு இறங்காது. ஒரு ஆள் உள்ளே ஏறி உட்கார்ந்தால் இறங்கும்.

சுஜித் கையை விட்டுத் துழாவினான். துணியைத் தவிர ஒன்றும் இல்லை. கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டான். பிழிவதற்கு மட்டும் பட்டனை அழுத்தினான். 'டக்' என்று கதவு பூட்டிக்கொண்டது.

இருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

வலம்... இடம்... வலம்.

நின்றது.

"பாருங்க, துண்டெல்லாம் பரந்துதான் கிடக்கு. பின்ன எதுக்கு..." சுஜித் பாதியில் நிறுத்தினான்.

டிரம் நின்றுவிட்டது. விரிப்பு நிற்கவில்லை.

அதன் ஒரு முனை கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மறுமுனை உள்ளே இருட்டில். நடுவில் விரிப்பு மெல்ல முறுகிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. துணியிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம்... ச்ர்ர்ர்... ச்ர்ர்ர்...

சுஜித் பிளக்கைப் பிடுங்கினான்.

விளக்குகள் அணைந்தன.

விரிப்பு முறுகிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து 'டக்' என்று பூட்டு விட்டது. கதவு தானாகக் கொஞ்சம் திறந்தது. விரிப்பின் முனை மட்டும் வெளியே வந்தது. தொங்கவில்லை. நேராக, லிபி நின்ற பக்கம் நீண்டு நின்றது. துணி பிழியும்போது எதிரில் இருப்பவரிடம் நீட்டுவோமே, இதைப் பிடி என்று... அப்படி.

சுஜித் பையை எடுக்கக்கூட இல்லை. "சேச்சி, அதைத் தொடாதீங்க. நான்... நான் ஆளைக் கூட்டிட்டு வாறேன்." பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் திரும்பி வரவில்லை.

லிபிக்கும் ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் முணுமுணுத்தது.

"லிபி..." என்றான் வினீத் உள்ளேயிருந்து. "முதுகு எரியுது லிபி. ஈரம் மேலே வரை ஏறிடுச்சு."

அவள் விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

பிடித்தவுடனே உள்ளேயிருந்து ஒரு இழுப்பு. விரிப்பு விறைத்தது. அவள் வலப்பக்கம் முறுக்கினாள். அந்தப் பக்கம் எதிராக முறுகியது. நல்ல பலம். பழகிய கை. தண்ணீர் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. மறுமுனை தளர்ந்து அவள் மேல் விழுந்தது.

வெயிலில் அரை நாள் கிடந்ததுபோல் இருந்தது அந்த விரிப்பு.

அதைச் செய்திருக்கக் கூடாது என்று இன்றைக்குச் சொல்வாள். அன்றைக்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மறுநாளும் பிடித்தாள். அதற்கு மறுநாளும். உள்ளே பார்க்க மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு முறுக்குவாள். வினீத்தின் புண் காயத் தொடங்கியது. சிஸ்டர்கூட, "எப்படி இந்த மழையில?" என்று ஆச்சரியப்பட்டாள்.

வினீத் ஒரு நாள் கேட்டான். "அங்க ஆருடி?"

"எங்க?"

"துணி பிழியற இடத்துல. ரெண்டு பேரு மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

"ஆரும் இல்ல" என்றாள் லிபி. கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

புண் ஆறியதே தவிர அவளுடைய அசதி குறையவில்லை. வினீத் இரவெல்லாம் கூப்பிடுவான். தண்ணீர் என்பான், திருப்பிப் போடு என்பான். இவர் கொஞ்ச நேரம் கூப்பிடாமல் இருந்தால் தூங்கலாமே என்று ஒரு தடவை நினைத்தாள். விரிப்பை முறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நினைத்தாள். மறுமுனை சட்டென்று அசையாமல் நின்றது... யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல்.

அன்றிலிருந்து மறுமுனை மெஷினுக்குள் இருக்கவில்லை.

முதலில் மெஷின் கதவுக்கு வெளியே வந்தது. பிறகு குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. லிபி அடுக்களை வாசலில் நின்று பிடிப்பாள். விரிப்பு காற்றில் விறைப்பாக நீண்டு, சுவர் ஓரத்தில் திரும்பி மறையும். தரையில் சொட்டிய தண்ணீர் ஒவ்வொரு நாளும் படுக்கையறைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கிடக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மழையில் கரண்ட் போய்விட்டது. வீடு மங்கலாக இருந்தது. வினீத்துக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடியது மட்டும்தான் நினைவு இருக்கிறது.

ச்ர்ர்ர்... ச்ர்ர்ர்...

அந்தச் சத்தம்தான் அவளை எழுப்பியது.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கையில் விரிப்பின் முனை. கைகள் பழக்கப்படி முறுக்கிக்கொண்டிருந்தன. வலப்பக்கம்... இன்னும் வலப்பக்கம்...

மெஷின் ஓடவில்லையே என்று தோன்றியது. கரண்ட் இல்லையே.

பிறகு இன்னொரு சத்தம்.

"க்... க்..."

கீழே பார்த்தாள்.

விரிப்பு வினீத்தின் கழுத்தைச் சுற்றியிருந்தது.

அவன் கண்கள் திறந்திருந்தன. கைகள் மெத்தையில் அடித்துக்கொண்டிருந்தன.

மறுமுனை கட்டிலுக்கு அந்தப் பக்கம். விறைப்பாக. நெஞ்சு உயரத்தில். ஒரு ஆள் நின்று பிடிக்கும் உயரத்தில்.

அங்கே ஆள் இல்லை.

முறுகியது.

அவள் கை விட மறுத்தது. அசதியில் விரல்கள் அப்படியே பூட்டிக்கொண்டதுபோல் இருந்தன. ஒரு நொடி... அந்த ஒரு நொடி... இது முடிந்தால் தூங்கலாம் என்று உடம்பு சொன்னது.

விட்டாள்.

விரிப்பு பொத்தென்று விழுந்தது.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். வினீத் இருமி இருமி மூச்சு வாங்கினான். அவனைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், கொட்டும் மழையில். லிபி உள்ளே திரும்பிப் போகவே இல்லை. அன்றைக்கே ஆம்புலன்ஸ் பிடித்துப் பாறசாலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வினீத் பிழைத்தான். கழுத்தில் தடம் மறைய நாளாயிற்று. அவன் அவளைக் குறை சொல்லவில்லை. "நீ கண்ணை மூடிட்டுத்தான் நின்னே" என்று மட்டும் சொன்னான். எதிர்ப்பக்கம் யார் நின்றார்கள் என்று லிபி கேட்டாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இன்றுவரை சொல்லவில்லை.

சாவி விஷயமாக அனந்தலக்ஷ்மி மாமி போன் செய்தபோது லிபி நேராகவே கேட்டாள்.

"மாமி, எங்களுக்கு முன்ன அந்த வீட்டுல ஆரு இருந்தாவ?"

"திருநெல்வேலிக்காரா. சுடலைமாடத்தின்னு பேர். பாவம், ஆத்துக்காரர் பக்கவாதத்துல படுத்தபடுக்கை. தனியா கெடந்து பார்த்துண்டா. ஒரு நாள் அவர் போயிட்டார்... கழுத்துல விரிப்பு முறுக்கின தடம் இருந்ததுன்னு போலீஸ் வந்தது. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு முறுக்கியிருக்கான்னா. இன்னொரு ஆளைத் தேடித் தேடிப் பார்த்தா, கெடைக்கலை. அவளை விட்டுட்டா. உன்கிட்ட சொல்லியிருக்கணும்டி."

"அந்த அக்கா செத்துப் போயிட்டாவளா?"

"ஏன் அப்படிக் கேக்கறே? இருக்காளே. விதுராவில தங்கை ஆத்துல இருக்கா."

லிபிக்கு அதுவரை இருந்த ஒரே எண்ணமும் கலைந்தது. மறுமுனையில் நின்றது முன்பு குடியிருந்த பெண்ணின் ஆவி என்றுதான் நினைத்திருந்தாள்.

மாமியிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். கமலேஸ்வரம் வீட்டில் இருந்தவள் என்று சொன்னாள். மெஷின் பிழியவில்லை என்று சொன்னாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஒன் வீட்டுக்காரரு இருக்காரா தாயி?" என்று கேட்டாள் சுடலைமாடத்தி.

"இருக்காரு."

"அப்பம் நீ விட்டுட்ட."

லிபி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் விடல" என்றாள் சுடலைமாடத்தி. போனை வைத்துவிட்டாள்.