மாமா பிரித்த கூரை

ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பா அங்கே சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். சாயங்காலம் தலைமுடியும் புருவமும் வெளுத்துப்போய்த் திரும்புவார். ஊருக்கெல்லாம் சிமெண்டு ஏற்றி அனுப்பிய மனிதர், குனிந்து நுழைந்தது என்னவோ கீற்றுக் கூரைக்குள்தான்.

அந்த வருஷம் என் தாய்மாமா பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். தெருத்தெருவாக ஒரே பேச்சுதான் பேசினார். ஊரில் ஒரு கூரை வீடுகூட இருக்காது, எல்லாம் மாடி வீடாகிவிடும் என்று. எதிர்த்து நின்றவர் சும்மா இருப்பாரா? "மொதல்ல கூடப்பொறந்தவ வூட்டைப் போயி பாக்கச் சொல்லுங்க" என்று மைக்கில் போட்டு உடைத்துவிட்டார். மாமா ரோஷக்காரர். அந்தப் பேச்சு அவருக்கு முள்ளாகத் தைத்திருந்தது.

ஜெயித்தார். மேளமும் வெடியுமாக ஊர்வலம் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். கூட்டத்தில் எவனோ, "தலைவரே, இங்க இன்னமும் கூரைதானே கெடக்கு" என்று சீண்டினான். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இந்த ஊர்ல பிரிக்கிற மொத கூரை எந்தங்கச்சி வூட்டுக் கூரைதான்டா!"

ஒரு கீற்றை உருவி எறிந்தார். அவர் அதோடு நிறுத்தியிருப்பாரோ என்னவோ, ஜெயித்த கூட்டம் நிற்குமா? ஆளாளுக்குப் பாய்ந்து பிரித்தார்கள். மண்சுவரையும் உதைத்துச் சாய்த்தார்கள். "அண்ணே, வேணாண்ணே" என்று அம்மா கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றின்மேல் வெயில் விழுந்தது. எனக்கோ குஷி தாங்கவில்லை. மறுநாளே மாடி வந்துவிடும் என்று கைதட்டிக் குதித்தேன்.

சாயங்காலம் வந்த அப்பா, தெரு மாறி வந்துவிட்டவர்போல் வெகுநேரம் வெளியிலேயே நின்றார். அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தோம்.

மாமா பதவி ஏற்கப் போன அன்று காலையில் யூனியன் ஆபீசிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். அரசாங்க வீட்டுக்கு எங்கள் பெயர் தேர்தலுக்கு முன்பே வந்துவிட்டதாம். தேர்தல் முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்களாம். மாமா ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய வீடு அது.

"கூரை வீட்டுக்கு முன்னால நில்லுங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றார்.

"பிரிச்சிட்டாங்க சார்."

"ஐயையோ, யாரும்மா பிரிக்கச் சொன்னது? குடிசை நிக்கிற போட்டோ இருந்தாத்தான் வீடு குடுப்பாங்க. வெறும் மண்ண எடுத்துட்டுப் போயி நான் யாருகிட்ட காட்டுவேன்?"

பாவம், நல்ல மனிதர்தான். சாய்ந்து கிடந்த சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில், "அடுத்த ஆளுக்குப் போயிடும்மா, என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமாதான் தலைவராகிவிட்டாரே, வீடு எங்கே போய்விடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மாமா கழுத்து நிறைய மாலையோடு காரில் வந்து இறங்கினார். காலையில் நடந்தது அவருக்குத் தெரியாது. நல்ல காரியம் முடித்து வருகிற அண்ணனுக்குத் தங்கச்சி ஆரத்தி எடுப்பது எங்கள் வழக்கம். "என்னம்மா, தலைவர வரவேற்க ஆளக் காணோம்?" என்று சிரித்தார்.

அம்மா எழுந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை எடுத்துக்கொண்டு, வாசற்படி இருந்த இடத்தில் வந்து நின்றாள். ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தட்டு ஆடி, சிவப்புத் தண்ணீர் மாமாவின் புது வேட்டியில் சிந்தியது. தட்டு கனக்கிறதாக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் அடியில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சுற்றி முடித்தோம்.

"அடுத்த தடவ மாடியில நின்னு எடுக்கலாம்மா" என்றார் மாமா.

அம்மா தலையைத் தூக்கவே இல்லை. அவளுக்கும் சேர்த்து நானே பலமாகத் தலையாட்டினேன்.