புறா தின்ற மூன்றாம் லேன்

லண்டன் இல்ஃபோர்டில் இரண்டு கடைகள், சரக்கு வைக்க ஒரு பெரிய ஸ்டோர், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் தனியாளாக நின்று உண்டாக்கியவை இவை. இன்று காலை கடையில் அரிசிமா மூட்டையொன்று பிரிந்து கொட்டியது. வறுத்த மாவின் வாசம் என்னை எண்பதுகளின் கடைசிக்கு இழுத்துப் போனது.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் லண்டனில் நடத்திய முதல் ஓட்டப்போட்டி அது. சிறுவயதில் அந்தக் கல்லூரிகளின் போட்டிகளை நான் மதிலில் ஏறித்தான் பார்த்திருக்கிறேன். புல் கருகுமென்று மைதானத்துக்குச் சொந்தமான கவுன்சில் சுண்ணாம்புக் கோடு போட விடவில்லை. என் கடை மாவால் எட்டு லேனுக்கும் நானே கோடு போட்டேன். இறுதி ஓட்டத்துக்கு முன் புறாக்கள் இறங்கின.

“அண்ணை, மூண்டாம் லேனைக் காணேல்லை!” விசிலோடு நின்ற பழைய மாணவர், ஒரு டொக்டர், கத்தினார்.

“புட்டுமாவெல்லே, அதுகள் விடுமே? நீங்கள் புறாவைக் கலையுங்கோ, கோட்டை நான் போடுறன்.”

முழங்காலில் தவழ்ந்து மறுபடி போட்டேன். ஓட்டம் நடந்தது.

நேற்று வந்த உங்கள் பழைய மாணவர் சங்க நினைவு மலரில், அந்த முதல் போட்டியைப் பற்றிய பக்கத்தில் ‘மைதான ஏற்பாடு: செயற்குழு’ என்றிருக்கிறது. செயற்குழுவில் அன்று ஒருவர்கூடக் குனியவில்லை. அடுத்த மலரில் என் பெயரைப் போடுங்கள்: கோடு போட்டவர், மாக்கடைச் சிவபாதம். எந்தக் கல்லூரி என்று யாராவது கேட்டால், மதிலுக்கு வெளியே என்று எழுதுங்கள்.